அரைஞாண் கயிறு இறுகும்போது: குழந்தைகளின் சிறுநீரகக் கோளாறை எப்படிக் கண்டுகொள்வது?

என் அக்கா மகனுக்கு அப்போது மூன்றரை வயது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சில நாட்களாகக் காலையில் எழுந்ததும் அவனுக்குக் கண் இமை இரண்டும் வீங்கியிருந்தன. பத்து, பதினொரு மணிக்கெல்லாம் வடிந்துவிடும். பூச்சி கடித்திருக்கும் என்றார்கள். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டார்கள். ஒருநாள் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அப்புறம் கன்னமும் உப்பியது. அக்காவின் மாமியாருக்கு அதில் சந்தோஷம்தான். "புள்ள இப்பதான் கொஞ்சம் சதை போட்டிருக்கான், கண்ணு வைக்காதீங்க" என்றார்.

பன்னிரண்டாம் நாள் குளிப்பாட்டும்போது அக்காவின் கண்ணில் அரைஞாண் கயிறு பட்டது. போன மாதம் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்து கிடந்த கயிறு, வயிற்றை அழுத்தித் தடம் போட்டிருந்தது. அன்று மாலைதான் டாக்டரிடம் போனார்கள்.

அந்தப் பன்னிரண்டு நாளில் வீட்டில் யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. எல்லோரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். தாங்கள் பார்ப்பது சிறுநீரகத்தின் கோளாறு என்று மட்டும் தெரியவில்லை. கிட்னியில் கோளாறு என்றால் இடுப்பு வலிக்கும், முதுகு வலிக்கும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரியவர்களுக்குக் கல் வந்தால் வலிக்கும், உண்மைதான். குழந்தைகளுக்கு வரும் சிறுநீரக நோய்களில் பெரும்பாலானவை வலிப்பதே இல்லை. கண் வீக்கமாக, காரணம் தெரியாத காய்ச்சலாக, நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் திரும்பவும் வருவதாக, வளராமல் நின்ற உயரமாக அவை வருகின்றன. "எங்கே வலிக்குது?" என்று குழந்தையைக் கேட்டுப் பயனில்லை. முகத்தையும் சிறுநீரையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்கா மகனுக்கு வந்தது நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். குழந்தைகளிடம் அடிக்கடி பார்க்கும் சிறுநீரக நோய்களில் இது ஒன்று. பெரும்பாலும் இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் தொடங்கும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ரத்தம் அவற்றின் வழியே போகும்போது கழிவும் தண்ணீரும்தான் வெளியேற வேண்டும், புரதம் உள்ளேயே நிற்க வேண்டும். இந்த நோயில் வடிகட்டியின் கண்ணி தளர்ந்து, அல்புமின் என்ற புரதம் சிறுநீரோடு போய்விடுகிறது. ஊரில் "ஒன்னுக்குல உப்பு போகுது" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். போவது உப்பு இல்லை, புரதம். ரத்தத்தில் புரதம் குறைந்தால் தண்ணீர் ரத்தக் குழாய்க்குள் நிற்காமல் சதைக்குள் கசிகிறது. வீக்கம் வருவது அப்படித்தான்.

காலையில் கண்ணில் தெரிவதற்குக் காரணமும் எளிதுதான். தண்ணீர் பள்ளத்தைத் தேடும். இரவெல்லாம் படுத்திருக்கும் குழந்தைக்குக் கண்ணைச் சுற்றியுள்ள தளர்ந்த தோலில் அது தேங்குகிறது. எழுந்து ஓடியாட ஆரம்பித்ததும் கீழே இறங்கிக் கால், வயிறு என்று போய்விடுகிறது. அதனால் சாயங்காலம் டாக்டரிடம் போகும்போது முகம் பார்க்க நன்றாகவே இருக்கும். பூச்சிக்கடி, அலர்ஜி என்றால் பெரும்பாலும் அரிப்பு இருக்கும், சிவந்திருக்கும், ஒரு கண்ணில் மட்டும்கூட வீங்கும். இதில் அரிப்பு இல்லை, சிவப்பு இல்லை, இரண்டு கண்ணும் சேர்ந்து வீங்கும், நாளுக்கு நாள் கூடும். ஜட்டியின் எலாஸ்டிக், கொலுசு, அரைஞாண் கயிறு எல்லாம் தடம் போடத் தொடங்கும். சாப்பாடு கூடாமல் எடை மட்டும் ஏறும். சிறுநீர் குறைந்து, நுரைத்து நிற்கும். சிறுவனின் விதைப்பையே வீங்கிவிடுவதும் உண்டு.

இதை உறுதி செய்ய ஆகும் செலவு மிகக் குறைவு. காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான சின்னப் புட்டியில் பிடித்துக்கொண்டுபோய் "யூரின் ரொட்டீன்" பார்க்கச் சொன்னால் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். கண்ணாடிக் குழாயில் சிறுநீரை எடுத்து, மேல்பாகத்தை நெருப்பில் காட்டிக் கொதிக்கவைத்து, வினிகர் போன்ற புளிப்புத் திரவத்தில் சில சொட்டு விட்ட பிறகும் அது முட்டை வெள்ளைக்கரு போல வெளுத்து நின்றால் புரதம் இருக்கிறது என்று அர்த்தம். பழைய காலத்துச் சோதனைதான், இன்றும் பொய் சொல்வதில்லை. இப்போது சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டைகள் வந்துவிட்டன. அந்தப் பன்னிரண்டு நாளில் இந்தச் சோதனையை ஒரே ஒருமுறை செய்திருந்தால் போதுமே என்று அக்கா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சிகிச்சை பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. முதல் தடவை வழக்கமாக ஆறு வாரம் தினமும், அடுத்த ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். பத்துக் குழந்தைகளில் எட்டுப் பேருக்கு மேல் இதற்குக் கட்டுப்படுகிறார்கள். பலருக்கு இரண்டு வாரத்திலேயே புரதம் போவது நின்றுவிடும். இங்கேதான் நம் பக்கம் ஒரு பெரிய தவறு நடக்கிறது. வீக்கம் வடிந்ததும், "ஸ்டீராய்டு உடம்புக்குக் கெடுதல்" என்று யாராவது சொல்ல, மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக்குப் போகிறார்கள். பயம் நியாயமானதுதான். முகம் உருண்டையாகும், பசி தாங்காது, நீண்ட நாள் கொடுத்தால் வளர்ச்சி தடைபடும். ஆனால் சில வாரம் தொடர்ந்து கொடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் உடம்பு தாங்காது, உயிருக்கே ஆபத்தாகும். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான். வீக்கம் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சலோடு வயிறு வலித்தாலும் காத்திருக்கக் கூடாது. வயிற்றில் தேங்கிய நீரில் கிருமி சேர்ந்திருக்கலாம்.

இந்த நோய் திரும்பத் திரும்ப வரும். அதை முதல் நாளே பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. சொல்லாவிட்டால், இரண்டாம் தடவை முகம் வீங்கும்போது மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்து டாக்டரை மாற்றுகிறார்கள், ஊரை மாற்றுகிறார்கள். சளி, காய்ச்சல் வந்தால் அதன் பின்னாலேயே வரும். தினமும் காலையில் வீட்டிலேயே பட்டை வைத்துப் பார்த்து, ஒரு நோட்டில் குறித்துவைத்தால், மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் (புரதம் கூடக் கூட பிளஸ் கூடும்) காட்டியதும் வீக்கம் வருவதற்கு முன்பே பிடித்துவிடலாம். வளர வளரப் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது விட்டுப்போகிறது. சாப்பாட்டில் வீக்கம் இருக்கும்போது உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், வடாம், நாகப்பட்டினம் பக்கம் என்றால் கருவாடு, எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். பருப்பையும் முட்டையையும் நிறுத்த வேண்டியதில்லை. பெரியவர்களின் கிட்னி நோய்க்குச் சொன்ன பத்தியத்தை வளரும் குழந்தைக்கு வைத்து அதை மெலியவைக்காதீர்கள்.

இனி, நிறம். பால் ஊற்றாத காபி டிகாஷனைத் தண்ணீரில் கலந்ததுபோலக் குழந்தையின் சிறுநீர் கறுத்துப் போனால் அது ரத்தமாக இருக்கலாம். சிறுநீரகத்தின் வடிகட்டியிலிருந்து வரும் ரத்தம் பெரும்பாலும் சிவப்பாக இருக்காது, இப்படித்தான் பழுப்பாக இருக்கும். (பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.) பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு இப்படி வருவதற்கு ஒரு முக்கியக் காரணம் தோலில் இருக்கிறது என்பதுதான் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டைப் புண் வந்து ஒன்று, இரண்டு வாரம் கழித்தோ, சிரங்கு வந்து மூன்றிலிருந்து ஆறு வாரம் கழித்தோ, அந்தக் கிருமியை எதிர்க்க உடம்பு செய்த ஏற்பாடே சிறுநீரகத்தைத் தாக்குகிறது.

டெல்டாவில் அடைமழைக் காலத்தை நினைத்துப் பாருங்கள். வாசலில் தண்ணீர், வயலில் தண்ணீர், துணி காய்வதில்லை, ஒரே பாயில் நாலு குழந்தைகள், ஒரே துண்டு. ஒரு குழந்தைக்குச் சொறி வந்தால் வீட்டுக்கே வரும். சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் கோக்கும். ஐப்பசியில் வந்த சிரங்கு ஆறிப்போய், எல்லோரும் மறந்த பிறகு கார்த்திகையில் முகம் வீங்குகிறது, சிறுநீர் கறுக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஆகவே டாக்டர் கேட்காவிட்டாலும், "போன மாசம் சிரங்கு இருந்துச்சு", "தொண்டை வலிச்சுது" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சொறி வந்தால் குழந்தைக்கு மட்டும் மருந்து போடாமல் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட்டுக்கொள்வதும், சீழ்ப் புண்ணைக் காட்டி மருந்து வாங்குவதும், சிறுநீரகத்தையும் சேர்த்துக் காக்கிற வேலைதான்.

இந்த நோயில் பயப்பட வேண்டியது ரத்த அழுத்தத்துக்கு. குழந்தைக்குப் பிரஷரா என்று கேட்பார்கள். வரும். தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், திடீரென்று வலிப்பு. வலிப்போடு வந்த குழந்தைக்கு மூளையில் கோளாறு என்று தேடிக்கொண்டிருக்கும்போது, காரணம் சிறுநீரகமாக இருந்துவிடும். நேரத்தில் அழுத்தத்தைக் குறைத்துவிட்டால் 100க்கு 95 குழந்தைகளுக்கு மேல் முழுதாகக் குணமாகிவிடுகிறார்கள். ஆனால் அழுத்தத்தை முதலில் அளக்க வேண்டுமே. பல இடங்களில் பெரியவர்களின் கையில் சுற்றும் பிரஷர் பட்டை மட்டும்தான் இருக்கிறது. அதைக் குழந்தையின் கையில் சுற்றினால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், கெட்ட செய்தி நல்ல செய்தியாகிவிடும். குழந்தையின் கைக்கு ஏற்ற சின்னப் பட்டை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும். மூன்று வயதுக்கு மேல் வருஷத்துக்கு ஒருமுறையாவது எல்லாக் குழந்தைக்கும் பிரஷர் பார்க்க வேண்டும். இதைக் கேட்டு வாங்க வேண்டியது நம் உரிமை.

அடுத்தது காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை, பேதி இல்லை, ஆனால் காய்ச்சல் அடிக்கிறது, சில சமயம் குளிர் நடுக்கத்தோடு. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை என்றால் சிறுநீர்ப் பாதையில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அந்த வயதில் குழந்தை "எரியுது" என்று சொல்லாது. அழும், பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், எடை ஏறாது, அவ்வளவுதான். இதில் நாம் செய்யும் கெடுதல், முதல் நாளே மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிடுவது. காய்ச்சல் நின்றுவிடும். எந்தக் கிருமி, எங்கே இருந்தது என்ற சாட்சியும் அதோடு போய்விடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குச் சிறுநீர் எடுத்த பிறகுதான் மருந்து. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், சில குழந்தைகளுக்குச் சிறுநீர் பையிலிருந்து மேலே சிறுநீரகத்துக்கே திரும்ப ஏறும். ஒவ்வொரு முறை கிருமியோடு ஏறும்போதும் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம். அந்தத் தழும்பு ஆறாது.

கொஞ்சம் வளர்ந்த பெண் குழந்தைகளிடம் இது வேறு வழியில் வருகிறது. பள்ளிக் கழிவறைக்குப் போக அருவருத்து, காலையிலிருந்து மாலை வரை அடக்கிக்கொள்கிறார்கள். அடக்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீரே குடிப்பதில்லை. மலச்சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. தண்ணீர் குடிக்க மணி அடிக்கும் பள்ளிகள் இருக்கின்றன, நல்ல விஷயம். கழிவறையில் தண்ணீரும் கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லையென்றால் அந்த மணியைக் கேட்டு எந்தப் பெண் குழந்தை தண்ணீர் குடிக்கும்? பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும். மகளின் தண்ணீர் புட்டி சாயங்காலம் நிறைந்தபடியே வீட்டுக்கு வருகிறதா என்று பாருங்கள்.

சில கோளாறுகள் பிறப்பதற்கு முன்பே ஸ்கேனில் தெரிந்துவிடுகின்றன. வயிற்றில் இருக்கும் குழந்தையின் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது, நீர் தேங்கியிருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். பாதிக்கு மேல் தானாகவே சரியாகிவிடும். மீதியைக் கண்டுபிடிக்கப் பிறந்த பிறகு மறுபடி ஸ்கேன் பார்க்க வேண்டும். இங்கே நம் குடும்ப வழக்கமே ஒரு இடைவெளியை உண்டாக்குகிறது. ஸ்கேன் எடுத்தது புகுந்த ஊரில், திருப்பூரிலோ சென்னையிலோ. பிரசவம் தாய் வீட்டில், கும்பகோணத்திலோ திருத்துறைப்பூண்டியிலோ. ஸ்கேன் தாள் கணவன் வீட்டு அலமாரியில் கிடக்க, பிரசவம் பார்த்தவர்களுக்கு அது தெரியாமலே போகிறது. வளைகாப்பு முடிந்து புறப்படும்போது புடவை, நகையோடு எல்லா ஸ்கேன் தாள்களும் பையில் இருக்க வேண்டும். பிறந்த முதல் இரண்டு நாள் குழந்தைக்குச் சிறுநீர் குறைவு என்பதால் அப்போது எடுக்கும் ஸ்கேன் வீக்கத்தைக் காட்டாமல் போகலாம். முதல் வாரக் கடைசியில் ஒருமுறை, நாலு முதல் ஆறு வாரத்தில் ஒருமுறை எடுப்பார்கள்.

ஆண் குழந்தை என்றால் இன்னொன்று கவனிக்க வேண்டும். சிறுநீர் வளைந்து பீய்ச்சி அடிக்கிறதா, சொட்டுச் சொட்டாக முக்கி முக்கி வருகிறதா? சில ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்க் குழாயில் பிறவியிலேயே ஒரு மெல்லிய சவ்வு அடைத்துக்கொண்டிருக்கும். சொட்டினால் அன்றே காட்ட வேண்டும். சின்னக் கருவியால் அந்தச் சவ்வை நீக்கிவிடலாம். தாமதித்தால், தேங்கிய சிறுநீர் இரண்டு சிறுநீரகத்தையும் அழித்துவிடும்.

எனக்கு மிகவும் கவலை தருவது, சத்தமே இல்லாமல் மெல்லக் கெடும் சிறுநீரகம்தான். கூடப் படிக்கும் பிள்ளைகளைவிட ஒரு தலை குள்ளம். வெளுத்த முகம். இரும்புச்சத்து மருந்து எத்தனை மாதம் கொடுத்தாலும் ரத்தம் ஏறாது. கால் வளையும், கால்சியம் கொடுத்தும் நிமிராது. இரவில் இரண்டு, மூன்று தடவை எழுந்து சொம்புத் தண்ணீர் குடிக்கும், அதே அளவு சிறுநீர் போகும். ஐந்து வயதுக் குழந்தை படுக்கையை நனைப்பது சாதாரணம், அதற்கு அடிப்பதும் அவமானப்படுத்துவதும் கொடுமை. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த குழந்தை திடீரென்று மறுபடி நனைக்கத் தொடங்கினால், சர்க்கரையும் பார்க்க வேண்டும், சிறுநீரகமும் பார்க்க வேண்டும். சிறுநீர் நிறையப் போவதால், "அதான் நல்லா ஒன்னுக்குப் போறானே, கிட்னிக்கு என்ன" என்று சொல்லிவிடுகிறார்கள். கெட்டுக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்குச் சிறுநீரைச் சுண்டவைக்கத் தெரியாது, அதனால்தான் நிறையப் போகிறது.

அடுத்து, ரத்தப் பரிசோதனைத் தாளில் ஒளிந்திருக்கும் ஒரு பொறி. கிரியேட்டினின் அளவுக்குப் பக்கத்தில் 0.6 முதல் 1.2 வரை சரி என்பதுபோல அச்சடித்திருப்பார்கள். அது பெரியவர்களின் அளவு. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். குழந்தைக்குத் தசை குறைவு. நாலு வயதுக் குழந்தைக்கு 0.3, 0.4 அளவில் இருக்க வேண்டும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று பார்க்கக் குழந்தைகளுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது: உயரத்தை சென்டிமீட்டரில் எடுத்து 0.413 ஆல் பெருக்கி, கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். 100 சென்டிமீட்டர் உயரக் குழந்தைக்கு 0.4 இருந்தால் விடை 100க்கு மேல், நலம். அதே குழந்தைக்கு 0.9 இருந்தால் விடை 46. சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது. தாளில் அது "நார்மல்" என்றுதான் இருக்கும். உயரம் அளக்காமல் குழந்தையின் கிரியேட்டினினைப் படிக்கவே கூடாது.

நல்ல குழந்தைக்கும் சிறுநீரகம் சட்டென்று நின்றுபோகலாம். வாந்தி பேதியில் வறண்ட குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்காமல், காய்ச்சலுக்கென்று இபுபுரூஃபன், மெஃபினமிக் அமிலம் போன்றவற்றைக் கொடுப்பது, வயலில் கண்ணாடி விரியன் கடிப்பது, இவையெல்லாம் காரணங்கள். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா வட்டாரத்தில் இருமல் மருந்து குடித்து 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் கலந்திருந்த டை எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தை நேரடியாக அழிக்கும் நஞ்சு. சின்னக் குழந்தையின் சளி, இருமலுக்குச் சீட்டு இல்லாமல் பாட்டில் மருந்து வாங்காதீர்கள். 15 கிலோ குழந்தை 12 மணி நேரத்தில் அரை டம்ளர் சிறுநீர்கூடப் போகவில்லையென்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, இரவானாலும் கிளம்ப வேண்டும்.

எங்கே போவது? முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். சிறுநீர்ச் சோதனையும் பிரஷரும் அங்கேயே. அப்புறம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகளின் குழந்தைகள் பிரிவு. சிக்கலானால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்புவார்கள். அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் மருத்துவக் குழு வரும். அன்று குழந்தையை லீவு போடவைக்காதீர்கள். போகும்போது காலை முதல் சிறுநீர், பழைய எடை குறித்த அட்டை, கொடுத்த மருந்துகளின் அட்டையும் பாட்டிலும் எடுத்துப் போங்கள். கூடவே, காலை ஆறு மணிக்கு எடுத்த முகத்தின் போட்டோ. அக்கா மகனை முதலில் பார்த்த டாக்டர், சாயங்காலம் வடிந்திருந்த முகத்தைப் பார்த்துத் தயங்கினார். "காலையில எப்படி இருந்துச்சும்மா?" என்று கேட்டார். அக்கா செல்போனை நீட்டினாள். அரைஞாண் கயிற்றின் தடத்தையும் காட்டினாள். அரை மணி நேரத்தில் சோதனை முடிவு வந்துவிட்டது, நான்கு பிளஸ்.

அவனுக்கு இப்போது ஒன்பது வயது. நாலு தடவை திரும்ப வந்தது. கடைசியாக வந்தபோது, சம்பா நடவு நேரம், வீட்டில் எல்லோரும் வயலில் இருந்தார்கள். அவனே பட்டையை நனைத்துப் பார்த்து, நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்துவிட்டு, அம்மா வரும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தான்.